சண்டிகர் காட்டில் ஒளிந்திருந்த இராச்சியம்



வரலாறு என்றவுடன் தஞ்சைப் பெரிய கோயிலையும் தாஜ்மகாலையும் அங்கோர் வாட்டையும் மாணவர்களுக்குக் காட்டுகிறோம். அவையெல்லாம் அரசர்கள் கட்டியவை. ஆணையிட ஓர் அரசன், கருவூலம் நிறையப் பொன், ஆயிரக்கணக்கான ஆட்கள் என்று எல்லாம் அமைந்து எழுந்தவை. இவற்றுள் ஒன்றுமே இல்லாத ஒரு சாலை ஆய்வாளர், தாம் சிறுவயதில் கேட்ட கதைகளில் வந்த அரசனுக்கும் அரசிக்கும் பரிவாரங்களுக்கும் பல ஆண்டுகள் ஊருக்குத் தெரியாமல் ஒரு நாட்டையே கட்டினார். அவர் பெயர் நேக் சந்த். அவர் கட்டியது, இந்தியாவின் சண்டிகர் நகரில் உள்ள பாறைத் தோட்டம். வட இந்தியச் சுற்றுலா செல்லும் நம் மலேசியத் தமிழர்கள் பலர் தில்லி, ஆக்ரா, காசி என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். சண்டிகருக்கு ஒரு நாள் ஒதுக்குவோர் மிகச் சிலரே.

நேக் சந்த் 1924ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சக்கர்கர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரவில் தாயார் சொன்ன இராசா ராணிக் கதைகளும் தேவதைக் கதைகளும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. ஆற்றங்கரை மணலில் வீடும் கோட்டையும் கட்டி, உடைந்த வளையல் துண்டுகளைப் பதித்து விளையாடிய பிள்ளை அவர். 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. சக்கர்கர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. நேக் சந்தின் குடும்பம், இலட்சக்கணக்கான பிற குடும்பங்களைப் போல, வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு எல்லையைக் கடந்து இந்தியாவுக்கு வந்தது.

பஞ்சாபின் பழைய தலைநகரான லாகூரும் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டதால், இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. சிவாலிக் மலையடிவாரத்தில் சண்டிகர் உருவாகத் தொடங்கியது. அதனை வடிவமைக்கும் பொறுப்பு லெ கொர்புசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. நேர்க்கோட்டுச் சாலைகள், எண்ணிட்ட வட்டாரங்கள், வெற்றுக் கான்கிரீட்டில் எழுந்த மாபெரும் அரசாங்கக் கட்டடங்கள் என எல்லாம் கணக்கிட்டு, அளந்து கட்டப்பட்ட நகரம் அது. அந்த நகரத்திற்காக இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. வீடுகள், கிணற்றடிகள், மாட்டுக் கொட்டில்கள் யாவும் தரைமட்டமாயின. இந்தச் செய்தியைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1950களின் தொடக்கத்தில் நேக் சந்த் இந்தப் புதிய நகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். சாலை போடும் பொருள்கள் ஒழுங்காக வந்து சேருகின்றனவா, தார் சரியாக ஊற்றப்படுகிறதா என்று பார்ப்பது அவர் கடமை. சொந்த ஊரை இழந்து வந்தவர், பிறர் ஊர்கள் இடிபடுவதை அன்றாடம் பார்த்தார். இடிபாடுகளின் குவியல்களில் உடைந்த பானைகளும் வளையல்களும் ஓடுகளும் கிடந்தன. அவற்றைப் பொறுக்கத் தொடங்கினார்.

ஏறத்தாழ 1958ஆம் ஆண்டில் இது தொடங்கியதாகக் கூறுவர். வேலை முடிந்ததும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் படுகைகளுக்குச் செல்வார். மனித முகம் போலவும் பறவை போலவும் விலங்கு போலவும் தோன்றும் கற்களைத் தேர்ந்தெடுத்து, மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். நீர் பல நூற்றாண்டுகளாகத் தேய்த்து வடிவம் கொடுத்த கற்கள் அவை. கல்லுக்குள்ளும் உயிர் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. சுக்னா ஏரிக்கு அருகே, அரசாங்கக் கட்டட வளாகத்துக்குப் பக்கத்தில், கட்டடம் எழுப்பவே கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்டு நிலம் ஒன்று இருந்தது. அடர்ந்த புதர், யாரும் நுழைவதில்லை. அங்கே சிறிது இடத்தைத் துப்புரவு செய்து, ஒரு குடிசை போட்டு, சேர்த்தவற்றையெல்லாம் அடுக்கினார்.

சேர்ப்பதற்கே சில ஆண்டுகள் ஆயின. அதன் பிறகுதான் கட்டத் தொடங்கினார். பகலில் அரசாங்க வேலை. இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் கல் அடுக்கும் வேலை. மனைவியாருக்கும் நெருங்கிய சிலருக்கும் மட்டுமே இது தெரியும். அரசாங்க ஊழியர் ஒருவர், அரசாங்கத்தின் காப்பு நிலத்தில், அனுமதியின்றிக் கட்டுகிறார் என்றால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலை போகும், கட்டியதும் போகும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லெ கொர்புசியே சண்டிகர் மக்களுக்கென்று எழுதி வைத்த சாசனத்தில், தனிமனிதர்களுக்குச் சிலை வைக்கும் காலம் போய்விட்டது, இந்நகரின் பூங்காக்களில் அத்தகைய சிலைகள் கூடாது என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. அவருடைய பெருங்கட்டடங்களுக்கு மிக அருகிலேயே, அதே ஆண்டுகளில், ஒரு சாலை ஆய்வாளர் நூற்றுக்கணக்கில் சிலைகளைச் செய்து அணிவகுத்து நிற்க வைத்துக்கொண்டிருந்தார்!

இனி, அவர் எப்படிச் செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கலைக்கல்வி போதிக்கும் ஆசிரியர்களுக்கு இது பயன்படும்.

நம் கோயில் கோபுரங்களில் உள்ள சுதைச் சிற்பங்களை நாம் அறிவோம். செங்கல்லும் கம்பியும் கொண்டு உள்கட்டு அமைத்து, அதன்மேல் சாந்து பூசி உருவம் கொடுப்பார்கள். அக்காலத்தில் சுண்ணாம்புடன் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சாந்து, இன்று சிமெண்டு. பின்னர் வண்ணம் தீட்டுவார்கள். நேக் சந்த் செய்ததும் அடிப்படையில் இதுதான். ஆனால் உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டுக்குப் பழைய மிதிவண்டியின் சட்டமும் துருப்பிடித்த குழாய்களும் பயன்பட்டன. மிதிவண்டியின் முன்கவை இரண்டு கால்களாயிற்று. அதன்மேல் சிமெண்டு கலவை. வண்ணத்திற்குப் பதிலாக, கலவை காய்வதற்குள் உடைந்த கண்ணாடி வளையல், பீங்கான் தட்டுத் துண்டுகள், குளியலறை ஓடுகள், இரும்பு வார்ப்படப் பட்டறையின் கசடு ஆகியவற்றை அழுத்திப் பதித்தார். வளையலே சேலை, வளையலே தாவணி. வெயில் படும்போது சிவப்பும் பச்சையும் மின்னுகின்றன. வண்ணப்பூச்சு ஐந்தாறு ஆண்டுகளில் மங்கிவிடும், கண்ணாடி மங்குவதில்லை.

சுவர்களும் அப்படித்தான். ஒரு சுவர் முழுவதும் மின்சாரப் பியூசுக் கட்டைகள். இன்னொரு சுவர், தார் பீப்பாய்களில் கான்கிரீட்டை நிரப்பி அடுக்கி எழுப்பியது. சாலை ஆய்வாளருக்குத் தார் பீப்பாய்க்கா பஞ்சம்! உடைந்த கழுவுதொட்டிகளும் கழிப்பறைப் பீங்கான்களும்கூட அங்கே சுவராகிவிட்டன.

உருவங்கள் யார் யார்? குடம் சுமக்கும் பெண்கள், இசைவாணர்கள், ஆடல் மகளிர், போர்வீரர்கள், குரங்குக் கூட்டம், மயில்கள், கரடிகள், பெயர் சொல்ல முடியாத கற்பனை விலங்குகள். அவை ஒவ்வொன்றும் தனித்து நின்று தன் அழகைக் காட்டுவதில்லை. வரிசை வரிசையாக, ஊரே திரண்டு வந்தது போல நின்று நம்மைப் பார்க்கின்றன. முகங்கள் எளியவை. கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. ஸ்தபதிகளின் அளவுச் சாத்திரம் எதுவும் அங்கில்லை. குழந்தை வரைந்த மனிதன் எழுந்து நிற்பது போல் இருக்கும்.

ஒரு பள்ளி விடுமுறையில் ஆசிரியர் குழுவோடு அங்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வாயில்கள் மிகவும் தாழ்வானவை. எங்களில் உயரமான ஓர் ஆசிரியர் ஒவ்வொரு வாயிலிலும் குனிந்து குனிந்து, "என்னையா இது, கோயில் கருவறையா?" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. இராசாவின் அவைக்குள் நுழைபவர் தலைவணங்கித்தானே நுழைய வேண்டும்? அதற்காகவே வாயில்கள் அவ்வாறு அமைக்கப்பட்டன. பெயர்ப்பலகைகள், விளக்க அட்டைகள் என எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு முற்றத்திலிருந்து குறுகிய சந்து வழியே அடுத்த முற்றம். அதிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு. திடீரென்று ஓர் அருவி. அடுத்து என்ன வரும் என்று தெரியாமலேயே நடக்கிறோம். பாட்டி கதை சொல்லும்போது "அப்புறம்?" என்று கேட்போமே, அது கால்களுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் குழுவில் வயதில் மூத்த ஆசிரியை ஒருவர், தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர், வளையல் பதித்த பெண்ணுருவங்களின் முன் நெடுநேரம் நின்றார். "இத்தனை வளையலும் யாரோ ஒருத்தி கையில் கிடந்தவைதானே தம்பி" என்றார். நான் இந்தத் தோட்டத்தைப் பற்றிப் படித்த எதிலும் இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை.

1970களில் அரசாங்க அதிகாரிகள் இந்த இராச்சியத்தைக் கண்டறிந்தனர். அப்போதே அது பல ஏக்கரில் பரவி, முற்றங்களும் ஆயிரத்துக்கும் குறையாத உருவங்களும் கொண்டிருந்தது. சட்டப்படி பார்த்தால் இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். நேக் சந்தின் நற்காலம், அன்றைய சண்டிகரில் கலையுணர்வு மிக்க அதிகாரிகள் சிலர் இருந்தனர். சண்டிகரின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த எம். என். சர்மாவும், நகரின் நிலவனப்புக் குழுவுக்குத் தலைமையேற்றிருந்த எம். எஸ். ரந்தாவாவும் அதன் மதிப்பை உணர்ந்தவர்கள். நகர மக்களும் செய்தியறிந்து திரண்டு சென்று பார்க்கத் தொடங்கினர். 1976ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பாறைத் தோட்டம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நேக் சந்துக்கு அந்தத் தோட்டத்துக்கென்றே ஒரு பொறியாளர் பதவியும், ஊதியமும், ஏறக்குறைய 50 தொழிலாளர்களும் வழங்கப்பட்டனர். கழிவுப் பொருள்களைச் சேர்க்க நகரில் நிலையங்கள் அமைந்தன. குற்றவாளியாக நிற்க வேண்டியவர் அதே இடத்துக்குப் பொறுப்பதிகாரியானார்.

1983இல் இந்திய அஞ்சல் துறை இத்தோட்டத்திற்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 1984இல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் இருந்த சிறுவர் அருங்காட்சியகத்தில் அவருடைய உருவங்களைக் கொண்டு ஒரு கற்பனைத் தோட்டம் உருவாயிற்று.

இவ்வளவு புகழுக்குப் பிறகும் தொல்லை விடவில்லை. 1990ஆம் ஆண்டளவில் தோட்டத்தின் ஒரு பகுதியை இடித்துச் சாலை போட மண்வாரி இயந்திரங்கள் வந்தன. நகர மக்கள் குறுக்கே நின்று தடுத்தனர். 1996இல் நேக் சந்த் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது பராமரிப்புப் பணியாளர்கள் விலக்கப்பட்டனர். தோட்டத்துக்குள் புகுந்த சிலர் உருவங்களை உடைத்துச் சேதப்படுத்தினர். அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஓர் அறநிறுவனம் தொடங்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் சண்டிகருக்குச் சென்று பழுதுபார்க்கும் பணியில் ஈடுபட்டனர்.

உலகில் இவரைப் போன்றோர் வேறு சிலரும் உண்டு. பிரான்சில் பெர்தினான் செவால் என்ற தபால்காரர், கடிதம் கொடுக்கச் செல்லும் வழியில் கால் இடறிய ஒரு கல்லில் தொடங்கி, 1879 முதல் 1912 வரை 33 ஆண்டுகள் தம் காய்கறித் தோட்டத்தில் ஓர் அரண்மனையையே கட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்ற தொழிலாளி, இரும்புக் கம்பியும் சிமெண்டும் உடைந்த பாட்டிலும் கொண்டு கோபுரங்கள் எழுப்பினார். பாதுகாப்பற்றவை என்று நகராட்சி இடிக்க முனைந்தபோது, 1959இல் பாரந்தூக்கியால் இழுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கோபுரங்கள் அசையவில்லை. பாரந்தூக்கிதான் தோற்றுப் போயிற்று. பின்லாந்தின் பரிக்கலா என்னும் ஊரில் காகித ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 550 உருவங்களைச் செய்து வைத்துவிட்டு 2010இல் மறைந்தார். நமக்கு அருகில், தாய்லாந்தின் நோங் காய் நகரில், பௌத்த இந்துப் புராண உருவங்கள் வானளாவி நிற்கும் சாலா கேவோ கூ என்ற தோட்டத்தைப் பலர் பார்த்திருக்கலாம்.

சிங்கப்பூரின் ஹாவ் பார் வில்லாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தக் காலத்துச் சுற்றுலாக்களில் அங்குச் சென்று, நரகத்தின் தண்டனைகளைப் பார்த்து அஞ்சி, இரவில் உறங்காத பிள்ளைகள் பலர். சீனக் கதைகளும் நீதிகளும் நிறைந்த அந்தத் தோட்டம் 1937இல் உருவானது. ஆனால் அது புலி மார்க் தைலத்தால் பெருஞ்செல்வரான ஆவ் பூன் ஹாவ் ஆட்களை வைத்துக் கட்டியது. நேக் சந்தின் தோட்டத்தோடு அதை ஒன்றாக வைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஒன்று செல்வர் மக்களுக்குச் சொன்ன பாடம். மற்றொன்று ஏழை ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதை.

நம் செந்தூலில் இருந்துகொண்டு சண்டிகரை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கொமுட்டர் ரயிலில் செந்தூலிலிருந்து சில நிலையங்கள் சென்றால் பத்துமலை. 2006ஆம் ஆண்டு திறப்பு விழா கண்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும், இராமாயணக் குகையில் உறங்கும் கும்பகருணனையும் நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அந்த முருகன் சிலையைத் தமிழகத்துச் சிற்பிகள் செய்தனர் என்பது வரை சொல்லுவோம். தோட்டப்புறங்களில், ஆற்றோரத்து மரத்தடிகளில், கையில் அரிவாளோடு மீசை முறுக்கி நிற்கும் முனியாண்டிச் சிலைகளைச் செய்தவர்கள் யார்? பால்மரம் சீவியவர்களும் கொத்து வேலை தெரிந்தவர்களும் தாமே சிமெண்டு குழைத்து உருவாக்கியவை அவற்றில் பல. கண் சற்றுப் பெரிதாக இருக்கும், கை சற்றுக் குட்டையாக இருக்கும். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, சில சிலைகள் இடம் மாறின; பல உடைந்தன. அவற்றின் இடத்தில் முறையாகப் பயின்ற சிற்பிகளைக் கொண்டு அழகிய சிலைகள் வைக்கப்பட்டன. அது தவறென்று நான் கூறவில்லை. கோயிலுக்கு ஆகம முறை உண்டு. எனினும், பழையவற்றை ஒரு படமாவது எடுத்து வைத்தோமா?

செந்தூலின் கதையும் இரும்போடு பிணைந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்த ரயில்வே பட்டறை, தன் உச்ச நிலையில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். ரயில் பெட்டி செய்த கைகள், ஓய்வு நேரத்தில் இரும்புத் துண்டுகளைக் கொண்டு விளக்கும் காவடிச் சட்டமும் பிள்ளைகளுக்கு விளையாட்டு வண்டியும் செய்திருக்கும். அந்தப் பட்டறைக் கட்டடங்களில் ஒன்று 2005இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக மாறியது. கட்டடம் பிழைத்தது. அங்கு உழைத்தவர்கள் வீட்டில் செய்து வைத்த சிறு பொருள்கள் எங்கே போயின என்பதற்குக் கணக்கில்லை. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா செய்த பொருள் ஏதேனும் இருந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன், பிள்ளையிடம் கொடுத்து அதன் கதையை எழுதச் சொல்லுங்கள். பள்ளி வரலாற்று மன்றத்திற்கு அதைவிடச் சிறந்த இடுபணி கிடையாது.

ஆசிரியர்கள் சிலர் எழுப்பக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. சட்டத்தை மீறிக் கட்டியவரை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாமா? இதை மழுப்ப நான் விரும்பவில்லை. அவர் செய்தது ஆக்கிரமிப்புத்தான். காட்டு நிலம் காடாகவே இருக்க வேண்டும் என்ற விதி நல்ல விதி. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களை இடித்து எழுந்த நகரில், அந்த ஊர்களின் ஓடும் பானையும் வளையலும் போற்றப்படும் இடமொன்று உண்டென்றால், அது விதியை மீறிய இந்தத் தோட்டம்தான். ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லி, தோட்டத்தை இடிக்கலாமா கூடாதா என்று விவாதிக்கச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் 'இடிக்கலாம்' என்ற அணி முதலில் வென்றது. பிறகு ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் முதலில் அந்த ஊர்களை இடித்தவரையும் கேட்க வேண்டும் அல்லவா, ஐயா?" என்றாள். அன்று மணியடித்த பின்னும் பேச்சு ஓயவில்லை.

நேக் சந்த் 2015ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், தமது 90ஆம் வயதில் சண்டிகரிலேயே காலமானார். வாசிங்டனில் இருந்த கற்பனைத் தோட்டம், 2004இல் அருங்காட்சியகம் அவ்விடத்தை விட்டபோது கலைக்கப்பட்டு, உருவங்கள் வேறு அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து சென்றன. இன்று இந்தியாவுக்கு வெளியே அவருடைய படைப்புகள் மிகுதியாக இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஜான் மைக்கேல் கோலர் கலை மையத்தில். லெ கொர்புசியேயின் அரசாங்கக் கட்டட வளாகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பாறைத் தோட்டத்திற்கு அந்தத் தகுதி கிட்டவில்லை.

2025ஆம் ஆண்டின் முற்பகுதியில், அந்த வளாகத்தில் உள்ள உயர் நீதிமன்றத்தின் வாகன நிறுத்துமிட, சாலை வசதிகளுக்காகப் பாறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மரங்களும் அகற்றப்பட்டன. 1990இல் செய்தது போலவே நகர மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். இம்முறை சுவர் தப்பவில்லை. உள்ளே நிற்கும் உருவங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. செல்ல எண்ணுவோர் காலையிலேயே சென்றுவிடுங்கள். வெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில்தான் வளையல்கள் நன்றாக மின்னும்.